ஓடைத்துறைக்குச் சொந்தக்காரன்

காட்டன்வுட் ஓடை, வயோமிங்
1885 ஏப்ரல் 12

அன்புள்ள டோர்கஸ் அக்காவுக்கு,

பனி விட்டுவிட்டது. நானும் மாடுகளும் உயிரோடு இருக்கிறோம். இரு தரப்பிலும் எலும்பு தெரிகிறது, அவ்வளவுதான். எஸ்ரா அத்தானுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? நீ பின்னி அனுப்பிய காலுறை வந்து சேர்ந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டையும் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நிலவரம் கேட்டிருந்தாய். மோசம். ஹார்லன் ஸ்ட்ரவுட் என்று ஒரு பெரும் பண்ணைக்காரர் வடக்கே இருந்து வந்து எங்கள் ஓடையை மேலிருந்து கீழ்வரை வளைத்துப் போடப் பார்க்கிறார். அவர் துப்பாக்கியோடு வந்திருந்தால் எங்களுக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அவர் சட்டத்தோடு வந்திருக்கிறார். சட்டப்படி ஒரு ஆளுக்கு ஒரு துண்டு நிலம். மனுப் போட்டு, அதிலேயே வீடு கட்டி, உழுது, குடியிருந்தால் பட்டா கிடைக்கும். ஸ்ட்ரவுட் தன் குதிரைக்காரர்கள் நாலு பேர் பெயரில் ஓடைக்கரை நெடுக மனுப் போட வைத்திருக்கிறார். ரஸ்க், பெல், டாப்ஸ், இன்னொருவன். பட்டா கைக்கு வந்த அன்றே அவர்கள் அதை அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

வீடு எங்கே என்று கேட்பாய். ஒரே ஒரு பலகை வீடு, அடியில் இரண்டு சறுக்குக்கட்டை. எருதுகளைப் பூட்டி இந்த வாரம் ரஸ்க் நிலத்தில், அடுத்த வாரம் பெல் நிலத்தில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிறார்கள். அவனவன் அதில் ஓர் இரவு படுத்து எழுந்து, குடியிருந்ததாகச் சத்தியம் செய்யத் தயாராகிறான்.

நாலாவது ஆள் மனுப் போட்டிருப்பது எங்கள் துறைக்கு. மற்ற இடத்தில் எல்லாம் கரை செங்குத்து, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்க இந்த ஒரு சரிவுதான். எனக்கும், பக்கத்துப் பண்ணை ஓர்ஃபா கெட்டரிங் அம்மாளுக்கும், கீழே ஹால்வருக்கும் இதைவிட்டால் வேறு தண்ணீர் கிடையாது. துறையில் வேலி விழுந்தால் மாட்டை வந்த விலைக்கு ஸ்ட்ரவுட்டிடமே தள்ளிவிட்டு நான் ஓஹியோவுக்கு வண்டி ஏற வேண்டியதுதான். எனக்கு உரிய ஒரே மனுவை, வெள்ளத்துக்குப் பயந்து, வீடு இருக்கும் மேட்டுக்குப் போட்டுத் தொலைத்துவிட்டேன்.

நம் சின்னவன் லைலைப் பற்றி விசாரித்திருந்தாய். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

உன் தம்பி,
வெண்டல்


ஓஹியோ
மே 3

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு முதுகு தேவலை, வாய்தான் குறையவில்லை. நான் எப்போதும்போல் இருக்கிறேன். காலுறையைக் குறை சொல்கிறவனுக்கு அடுத்த குளிருக்குக் காலுறை கிடையாது.

வீட்டை இழுத்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள் என்று படித்ததும் அத்தான் சிரித்துச் சிரித்து முதுகைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சோற்றுக்கு வழியில்லாமல் இங்கே வந்து அத்தான் கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பதை என்னால் பார்க்க முடியாது. உன்னாலும் முடியாது.

ஒரு சந்தேகம். மூன்று பேருக்குப் பெயர் எழுதினாய். துறைக்கு மனுப் போட்டவனுக்கு மட்டும் அவன் அம்மா பெயர் வைக்கவில்லையா?

உன் அக்கா,
டோர்கஸ்


காட்டன்வுட் ஓடை
ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். கன்றுகளுக்குச் சூடு போட்டு முடித்தோம். கையில் பட்ட சூட்டுப்புண் ஆறிவிட்டது.

ஓர்ஃபா அம்மாள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். அந்த நகரும் வீடு போன வாரம் அவள் எல்லை ஓரமாக நின்றது. காவலுக்கு இருந்த டாப்ஸுக்கு மதியச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். அவன் தின்று முடித்துத் தூங்கி எழுவதற்குள் வீட்டுக் கதவுக்குப் பளீரென்று மஞ்சள் சாயம் அடித்துவிட்டாள்.

"எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்டேன்.

"பக்கத்துல குடி வந்த புள்ள, வாசக்கதவு இப்படி வெளுத்துக் கெடக்குதேன்னு மனசு கேக்கல. அக்கம்பக்கம்னா ஒரு உதவி ஒத்தாசை வேணாமா?" என்றாள். பைப் புகையை என் முகத்தில் விட்டாள். "நில இன்ஸ்பெக்டருக்கு எழுதிப் போட்டிருக்கேன். வரட்டும். மூணு வீட்டுலயும் இதே மஞ்சக் கதவு நிக்கட்டும்."

டாப்ஸுக்கு நிறம் பிடித்துப் போய்விட்டதாம். துடைக்கவில்லை.

துறையில் இருக்கும் ஆள் அந்த நகரும் வீட்டைத் தன் பக்கம் வரவிடவில்லை. மலையில் மரம் வெட்டி, தானே ஒரு வீடு எழுப்பிக்கொண்டிருக்கிறான். உழுது அவரையும் கோசும் போட்டிருக்கிறான். மற்ற மூவரும் அவனைக் கேலி செய்கிறார்கள். பட்டா வரும்வரை வேலி போட முடியாது என்பதால் எங்கள் மாடு இன்னும் அங்கேதான் இறங்குகிறது. அவன் எங்கள் பக்கம் திரும்புவதில்லை. வாசலில் உட்கார்ந்து பச்சை வெங்காயத்தை ஆப்பிள் கடிப்பதுபோல் கடித்துத் தின்றுகொண்டு மாடு குடிப்பதைப் பார்த்திருப்பான். பட்டா வந்தபின் மறிக்கப்போகிறவனுக்கு இப்போது என்ன வேடிக்கை என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

வெண்டல்


ஓஹியோ
ஜூலை 1

வெண்டலுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு.

பச்சை வெங்காயத்தை ஆப்பிள் மாதிரி கடித்துத் தின்னும் மனிதன் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான். அவனுக்கு மூன்று வயது ஆனதிலிருந்து அந்த வாய் நாற்றத்தோடு ஒரே கட்டிலில் படுத்துத் தூங்கியவள் நான். அது லைல்.

அவன் போய் ஐந்து வருடம். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் "புதிதாக ஒன்றுமில்லை" என்று எழுதுகிறாய். ஓடைக்கு அக்கரையில் உட்கார்ந்திருக்கிறான், நீ கன்றுக்குச் சூடு போட்ட கதை எழுதுகிறாய். உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் அத்தானுக்கு இரண்டு நாள் உப்பில்லாத சாப்பாடு.

உயிரோடு இருக்கிறானா, அதை முதலில் எழுது. மெலிந்திருக்கிறானா? சட்டையைத் துவைத்துப் போடுகிறானா?

டோர்கஸ்


காட்டன்வுட் ஓடை
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஆமாம், லைல்தான். உயிரோடு இருக்கிறான். மெலிவு இல்லை, தாடி வைத்திருக்கிறான். சட்டை அவ்வளவு சுத்தம் என்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் எதற்குப் பிரிந்தோம் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. இந்தத் துறைக்காகத்தான். நாங்கள் வந்து இறங்கிய அன்றே "மனுவைத் துறைக்குப் போடு, மேட்டை எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான்" என்றான். அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது ஆகவில்லை, அவன் பெயரில் போட முடியாது. நான் மேட்டுக்குப் போட்டேன். அவன் என்னை முட்டாள் என்றான், நான் அவனைப் பொடியன் என்றேன். அதிலிருந்து வளர்ந்து வளர்ந்து, ஒரு நாள் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். இப்போது ஸ்ட்ரவுட்டின் ஆளாக வந்து அதே துறையில் உட்கார்ந்திருக்கிறான். தான் அன்று சொன்னதுதான் சரி என்று காட்டவே வந்திருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. இதை உனக்கு எப்படி எழுதுவேன்?

பேசவில்லை. ஒரு முறை என் பசு ஒன்று சேற்றில் சிக்கியது. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் கயிறு போட்டு இழுத்தோம். பசு கரையேறியது. அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான். நானும் போனேன்.

வெண்டல்


ஓஹியோ
செப்டம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

அவன் உயிரோடு இருக்கிறான் என்ற வரியை நாலு முறை படித்தேன். அத்தானுக்கு இப்போது உப்பு போட்டுச் சமைக்கிறேன்.

பசுவை இழுத்தபோது ஒரு வார்த்தை பேசியிருந்தால் வாயில் முத்தா உதிர்ந்திருக்கும்? இரண்டு பேரும் அப்பா மாதிரியே வந்து பிறந்திருக்கிறீர்கள்.

அவனிடம் சொல், அக்கா கேட்டாள் என்று. இதைச் சொல்ல உனக்குக் கோபதாபம் எதுவும் தடை இல்லை. என் வேலையாக நினைத்துக்கொண்டு போய்ச் சொல்.

டோர்கஸ்


காட்டன்வுட் ஓடை
செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டுப் போனார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். திங்கட்கிழமை ரஸ்கின் வீட்டைப் பார்த்தார், மஞ்சள் கதவு. செவ்வாய்க்கிழமை பெல்லின் வீடு, மஞ்சள் கதவு. புதன்கிழமை டாப்ஸ் வாசலில் நின்றபோது, "இந்தப் பக்கம் எல்லாருக்கும் ஒரே ரசனை போல" என்றாராம். பிறகு குனிந்து புல்லில் சறுக்குக்கட்டை இழுத்த தடத்தைப் பார்த்தார். மூன்று மனுவும் தள்ளுபடி. ஸ்ட்ரவுட்டின் ஆட்கள் இனி யாருக்குச் சாட்சி சொன்னாலும் செல்லாது என்று எழுதி வைத்துவிட்டார்.

துறை மட்டும் தப்பி நிற்கிறது. அங்கே நிஜ வீடு, நிஜ அவரைக்கொடி. ஆனால் குடியிருந்ததாகச் சத்தியம் செய்ய அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் வேண்டும். அதற்காக நேற்று லைல் என் வாசலுக்கு வந்தான்.

"சாட்சி வேணும்" என்றான்.

"உன் மொதலாளியக் கேளு."

"அவரு ஆளுங்க பேச்சு எடுபடாது. நான் அங்க இருந்தனா இல்லயா, நீ தெனம் பாத்தே. அதச் சொன்னா போதும்."

"பட்டா கைக்கு வந்ததும் ஸ்ட்ரவுட்டுக்கு எழுதிக் குடுத்துருவியா?"

தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான். "அதுக்கு என்னால பதில் சொல்ல முடியாதுண்ணே. யாருக்காச்சும் வாக்குக் குடுத்திருக்கியான்னு சத்தியத்துல கேப்பாங்க. இல்லன்னு சொல்லணும். அதனால யாருக்கும் எதுவும் சொல்றதா இல்ல. உனக்கும் சேத்துத்தான்."

ஐந்து வருடம் கழித்து அண்ணே என்றான். அக்கா கேட்டாள் என்று சொன்னேன். தலையை ஆட்டினான். கண் கலங்கியதோ என்னவோ, வெயிலில் நின்றான், தெரியவில்லை.

இப்போது நான் மாட்டிக்கொண்டேன். சாட்சி சொன்னால் துறை அவனுக்கு. அவன் அதை மறுநாளே ஸ்ட்ரவுட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம், நானே என் கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் துறை அரசாங்கத்துக்குத் திரும்பும், ஸ்ட்ரவுட் வேறு ஒருவனை அனுப்புவார். ஓர்ஃபா அம்மாளைக் கேட்டேன். "ஒங்க வீட்டு ரத்தம், நீ சொல்லு. நீ கை தூக்குனா நானும் தூக்குறேன்" என்றாள். ஹால்வர் வேண்டாம் என்கிறான். வெள்ளிக்கிழமை நில அலுவலகத்தில் விசாரணை. உன் பதில் அதற்குள் வராது. தெரிந்தும் எழுதுகிறேன், எழுதினால் மனம் கொஞ்சம் தெளிகிறது.

வெண்டல்


ஓஹியோ
அக்டோபர் 1

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். அவன் அங்கே குடியிருந்தானா? இருந்தான். அப்படியானால் இருந்தான் என்று சொல். நாளைக்கு அவன் என்ன செய்வான் என்று யாரும் உன்னிடம் சத்தியம் கேட்கவில்லை.

தபால்காரர் தெரு முனையில் வரும்போதே வாசலுக்குப் போய்விடுகிறேன். சீக்கிரம் எழுது.

டோர்கஸ்


காட்டன்வுட் ஓடை
அக்டோபர் 25

டோர்கஸ் அம்மாளுக்கு ஓர்ஃபா கெட்டரிங் எழுதுவது.

முதலில் இதைப் படியுங்கள்: உங்கள் தம்பிகள் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். சின்னவனுக்குத் தொடையில் காயம், காய்ச்சல் இறங்கிவிட்டது, நேற்று சூப் குடித்தான். பெரியவன் அவன் பக்கத்தைவிட்டு நகரமாட்டேன் என்கிறான். அதனால்தான் நான் எழுதுகிறேன். நீங்கள் மூன்று வாரமாகத் தபாலுக்குத் தவித்திருப்பீர்கள் என்று தெரியும். எனக்கும் ஒரு அக்கா இருந்தாள்.

அந்த விசாரணை வெள்ளிக்கிழமை வெண்டல் சாட்சி சொன்னான். நானும் சொன்னேன். அதிகாரி லைலிடம், "இந்த நிலம் உன் சொந்த உபயோகத்துக்கா, வேறு யாருக்காகவாவதா?" என்று கேட்டார். "என் சொந்த உபயோகத்துக்கே" என்று கை தூக்கினான். பின்வரிசையில் ஸ்ட்ரவுட் புன்னகை செய்தார். அவருடைய ஆட்கள் எல்லோரும் சொல்லும் பாடம்தானே அது.

பட்டாவுக்கான சீட்டு கைக்கு வந்தது. வெளியே வந்ததும் ஸ்ட்ரவுட் பத்திரத்தையும் பேனாவையும் நீட்டினார். "போடுப்பா கையெழுத்த, நேரமாவுது."

லைல் தொப்பியைப் போட்டுக்கொண்டான். "உள்ள இப்பத்தான் சத்தியம் பண்ணினேன், எனக்குன்னு. நீங்களும் கேட்டீங்களே."

ஸ்ட்ரவுட்டுக்கு அப்படி ஒரு முகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வெண்டல் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

நாலு நாள் கழித்து ரஸ்க் ஐந்து பேரோடு வந்தான், வீட்டைக் கொளுத்த. லைல் துறையில் தனியாக நின்றான். துப்பாக்கி கையில் இருந்தது, உயர்த்தவில்லை. நாங்கள் மேட்டிலிருந்து பார்த்து ஓடிவர ஆரம்பித்தோம். இந்த வருட வறட்சி உங்களுக்குத் தெரியாது. அவர்கள் வந்த வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. லைல் சொன்னது எங்களுக்கே கேட்டது.

"குதிரைங்க காஞ்சு போயி வந்திருக்கு. மொதல்ல தண்ணி காட்டுங்கடா. இங்க யார் மாட்டுக்கும் குதிரைக்கும் இல்லன்னு சொல்றதில்ல. அப்புறம் சண்டை போட்டுக்கலாம்."

அவர்கள் காட்டுவதற்கு முன் குதிரைகளே இறங்கிவிட்டன. கடிவாளத்தை எவ்வளவு இழுத்தும் கேட்கவில்லை. ஐந்து குதிரையும் முழங்கால் தண்ணீரில் தலையைக் குனிந்து உறிஞ்ச, மேலே ஐந்து தடியன்கள் துப்பாக்கியோடு அசடு வழிய உட்கார்ந்திருந்தார்கள். டாப்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரஸ்க் மட்டும் கரையிலேயே குதிரையை இழுத்துப் பிடித்து நின்று சுட்டான். லைல் விழுந்தான்.

அடுத்த குண்டு போடவிடாமல் ரஸ்கைக் கீழே இழுத்துப் போட்டவன் டாப்ஸ். இரண்டு வருடம் லைலோடு ஒரே நெருப்பில் காப்பி குடித்தவன் அவன். வெண்டல் தண்ணீருக்குள் அப்படியே நடந்து போனான், குதிரைகளுக்கு நடுவே, ஒருவரையும் பார்க்காமல். தம்பியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான், அந்தத் திட்டை எழுத எனக்கு வயது போதாது.

ரஸ்க் ஷெரீஃப் காவலில் இருக்கிறான். கவலைப்படாமல் தூங்குங்கள்.

ஓர்ஃபா கெட்டரிங்


ஓஹியோ
நவம்பர் 5

ஓர்ஃபா அம்மாளுக்கு,

உங்கள் முதல் வரிக்கு நன்றி. அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அத்தான் மீதிக் கடிதத்தைப் படித்துக் காட்டினார், அவரும் அழுதார், முதுகு வலி என்று சொன்னார்.

கால் ஊன்றுவானா என்று மட்டும் எழுதுங்கள். உங்களுக்கு ஒரு ஜோடி காலுறை அனுப்புகிறேன். இரண்டும் ஒரே அளவு.

டோர்கஸ்


காட்டன்வுட் ஓடை
டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

லைல் எழுதுகிறேன். கால் ஊன்றுகிறேன், குச்சியோடு. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணன் உன் கடிதங்களை எல்லாம் படிக்கக் கொடுத்தான். சட்டை துவைத்தாகிவிட்டது.

துறை இல்லாமல் ஸ்ட்ரவுட்டின் மந்தைக்கு இங்கே வழியில்லை. விற்றுவிட்டுப் போய்விட்டார். அந்த மஞ்சள் கதவு வீட்டை ஹால்வர் கோழிக்கூடாக்கிக்கொண்டான். எங்கள் மூன்று பண்ணை மாடும் காலையில் இறங்கிக் குடித்துவிட்டுப் போகின்றன. நான் மறிப்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

ஓர்ஃபா அம்மாள் என்னை வீரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நம்பாதே. அன்றைக்குக் கால் நடுங்கியது, அதனால்தான் நகராமல் நின்றேன்.

அண்ணனிடம் நான் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். ஸ்ட்ரவுட் ஆட்களைக் கூட்டி எந்த நிலம் யாருக்கு என்று கேட்டபோது, துறை எனக்கு வேண்டும் என்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன். அப்போது எனக்கு மனுப் போடும் வயது வந்திருந்தது. அவருக்கு எழுதிக் கொடுப்பேன் என்று நான் ஒரு நாளும் வாக்குக் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். அதனால் யாருக்காவது வாக்குக் கொடுத்தாயா என்ற கேள்விக்கு நான் சொன்னது உண்மை.

அடுத்த கேள்விக்குத்தான் தப்பு செய்தேன். இந்த நிலம் உன் சொந்த உபயோகத்துக்கா, வேறு யாருக்காகவாவதா என்று அதிகாரி கேட்டார். அண்ணன் இரண்டடி தள்ளி, தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். நான் கையைத் தூக்கி, என் சொந்த உபயோகத்துக்கே என்றேன்.

அக்கா, அது பொய்.

உன் தம்பி,
லைல்